குளத்து நீரைச் சோதித்த மருத்துவ மேதை

ஜெர்மனி நாட்டில் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ராபர்ட் கோக் பிறந்தார். மருத்துவம் பயின்று சிற்றூர்களில் வைத்தியம் பார்த்து வந்தவருக்கு மனைவி எம்மி ஒரு நுண்ணோக்கியை அன்பளிப்பாகத் தந்தார் என்பர். அதன் பின் நோயாளிகளைவிடக் கிருமிகளே அவர் மனத்தைக் கவர்ந்தன! ஆடுமாடுகளை மாய்க்கும் அடைப்பான் நோயின் காரணத்தை 1876-இலும், காசநோய்க் கிருமியை 1882-இலும் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார்.

1883-இல் எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மன் அரசு அவரை அங்கே அனுப்பியது. பிரெஞ்சு மேதை பாஸ்டர் அனுப்பிய குழுவும் வந்திருந்தது. அக்குழுவைச் சேர்ந்த 27 வயது துய்லியே அந்நோய்க்கே பலியானார். போட்டியை மறந்து அவருடைய இறுதிச் சடங்கில் கோக் கலந்துகொண்டார்.

எகிப்தில் நோய் தணியவே, காலராவைத் தேடி நம் நாட்டுக்குக் கப்பலேறினார். தம் 40-ஆம் பிறந்தநாளன்று கல்கத்தா வந்து சேர்ந்தார். ஒரு மாதத்துக்குள் காற்புள்ளி போல் வளைந்த கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துவிட்டார். ஆனால் அதுவே நோயின் காரணம் என்று காட்டுவது எப்படி? எலிக்கும் பிற விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குக் காலரா வரவில்லை.

விடையை ஒரு குளம் தந்தது. அதைச் சூழ்ந்த குடிசைகளில் காலரா பரவியிருந்தது. மக்கள் குளித்ததும் துவைத்ததும் குடிநீர் மொண்டதும் அதே குளத்தில்தான். முதலில் நோயுற்றவரின் துணிகளையும் அங்கேதான் அலசியிருந்தனர். கோக் அந்நீரைப் பலமுறை எடுத்துச் சோதித்தார். நோய் உச்சத்தில் இருந்தபோது கிருமிகள் ஏராளம். நோய் தணியத் தணிய அவையும் குறைந்தன. வீடு வீடாகச் செல்லாமலே ஊரின் நோயை நீரில் காணலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரில் போலியோ கிருமியைத் தேடினார்கள். நகரத்துக் கழிவெல்லாம் பெருங்குழாய்களில் வந்து சேர்வதால் அங்கே அது எளிது. பாதாளச் சாக்கடை இல்லாத நம் தென்னேரி போன்ற ஊர்களுக்கோ கோக் சென்ற வழிதான் பொருந்தும்: குளம், குட்டை, தெருவோர வாய்க்கால். ஓடும் நீரில் துணிச்சுருளை ஓரிரு நாள் கட்டித் தொங்கவிட்டு, அதில் சிக்கும் கிருமிகளைச் சோதிக்கும் முறையும் உண்டு. செலவு மிகக் குறைவு.

காசநோய் ஆராய்ச்சிக்காகக் கோக் 1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1910-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் காலமானார்.