இடிதாங்கி ஈந்த பெருந்தகை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தி செய்யும் எளியவர் ஒருவருக்கு மகனாக 1706ஆம் ஆண்டு பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பத்து வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. ஆயினும் அச்சுத்தொழில் செய்துகொண்டே கற்று அறிஞரானார். மின்னலும் மின்சாரமே எனத் தெளிந்தார். கூரைமீது கூரிய இரும்புக் கம்பியை நிறுத்தி, அதனை மண்ணுடன் இணைத்தால் வீடு பிழைக்கும் என உலகுக்கு உணர்த்தினார். அதற்குக் காப்புரிமை எதுவும் பெறாது அனைவருக்கும் வழங்கினார்.

1753இல் குளிர்நாடான இரஷ்யாவில், மண்ணோடு இணையாத கம்பியருகே நின்று ஆராய்ந்த ரிச்மன் என்னும் அறிஞர் மின்னல் தாக்கி மாண்டார். மண்ணிணைப்பின் அருமையை அத்துயரம் உணர்த்திற்று.

நம் சிங்கப்பூரிலும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை 1845, 1849 ஆகிய ஆண்டுகளில் இடி தாக்கியது. 1852இல் அது மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்கும் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது.

பிராங்க்ளின் 1790இல் மறைந்தார். மின்சாரத்திற்குப் பாதுகாப்பான வழி வகுக்கவேண்டும் என்னும் அவர் கருத்து மறையவில்லை. மின்கசிவு நேர்ந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, 2025 ஜூலை முதல் நம் நாட்டின் பழைய வீடுகளுக்கும் கட்டாயமாயிற்று. தேக்காவில் பாட்டி வாழும் பழைய வீட்டில் அக்கருவி உண்டா எனக் கேட்டறிவோம். ஈரக்கையால் சுவிட்சைத் தொடோம். மாணவச் செல்வங்களே, அறிவு உயிர் காக்கும்!