தாமதமாகச் சென்ற கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியிலிருந்து விமானத்தில் லே நகருக்குச் சென்றேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். இரண்டு நாள்கள் படுத்தே இருங்கள் என்று விடுதிக்காரர் சொன்னதைப் பொருட்படுத்தாமல் கடைத்தெருவைச் சுற்றினேன். இனம் புரியாத ஓர் உற்சாகம் இருந்தது. இரவில் தலை பிளந்தது, குமட்டியது, கண்ணயரும்போதெல்லாம் மூச்சு தடைப்பட்டுத் திடுக்கிட்டு விழித்தேன். அந்தப் படுக்கையில்தான் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றி முதன்முதலில் விரிவாகப் படித்தேன்.

1833-இல் ஓசேர் நகரில் பிறந்த பெர்ட், சட்டம் பயின்ற பிறகே உடலியங்கியல் பக்கம் திரும்பினார். புகழ்பெற்ற கிளாத் பெர்னாரின் மாணவரானார். 1869-இல் பாரிஸின் சோர்போனில் பேராசிரியர் பதவி கிடைத்தது.

மலை உயரத்தில் மனிதர் நோயுறுவதை 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆண்டிஸ் மலையில் அகோஸ்டா என்ற பாதிரியார் பதிவு செய்திருந்தார். காற்று மிக மெல்லியதாக இருப்பதே காரணம் என்று அவர் ஊகித்தார். பின்வந்தோர் உலோக ஆவி, களைப்பு என்று ஆளுக்கொன்று கூறினர். உடலை அழுத்தும் காற்றின் எடை குறைவதால் ரத்தம் வெளிநோக்கிப் பாய்கிறது என்போரும் இருந்தனர். மெக்ஸிகோவில் மருத்துவம் பார்த்த ழூர்தானே, உயரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்றார். அதை மெய்ப்பிக்கும் ஆய்வுகளுக்கு பெர்ட்டுக்குப் பொருளுதவியும் செய்தார்.

இரும்புத் தகடுகளாலான உருளை அறைகளை பெர்ட் அமைத்தார். உள்ளிருக்கும் காற்றை இறைத்து வெளியேற்றினால், பாரிஸில் இருந்தபடியே இமயத்தின் உயரத்தை எட்டலாம். அழுத்தம் குறைந்தாலும் ஆக்சிஜன் மிகுந்திருந்தால் சிட்டுக்குருவி பிழைத்தது. அழுத்தம் இயல்பாக இருந்தும் ஆக்சிஜன் குறைந்தால் மடிந்தது. ஆக, கொல்வது அழுத்தக் குறைவன்று, ஆக்சிஜன் பற்றாக்குறையே. எத்தனையோ பறவைகளும் நாய்களும் இதற்குப் பலியாயின என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. அறைக்குள் அமர்ந்து, இருபது விநாடிகளில் எண்ணிய நாடித்துடிப்பை மூன்றால் பெருக்க முயன்றார். பேராசிரியரால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை. ஆக்சிஜன் பையிலிருந்து மூச்சிழுத்ததும் மூளை தெளிந்தது. 1874-இல், எவரெஸ்ட் உச்சிக்கு நிகரான அழுத்தத்தை இவ்வாறு நலமாகவே தாங்கினார்.

அதே அறையில் அவ்வாண்டு குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்ற இரு பலூன் வீரர்களும் அமர்ந்து பயிற்சி பெற்றனர். மறு ஆண்டு இன்னும் உயரே செல்ல 'ஸெனித்' என்ற பலூனை ஆயத்தம் செய்தனர். எடுத்துச் செல்லவிருக்கும் ஆக்சிஜனின் அளவைத் தெரிவித்து, வெளியூரிலிருந்த பெர்ட்டுக்குக் கடிதம் எழுதினர். அது போதாது என்று அவர் எழுதிய பதில், பயனளிக்கும் காலத்தில் வந்து சேரவில்லை.

1875 ஏப்ரல் 15 அன்று தீஸாந்தியே என்ற அறிவியலாளரும் சேர, மூவரும் பாரிஸிலிருந்து எழும்பினர். இருப்பது சிறிதளவு என்பதால் ஆக்சிஜனை இக்கட்டான நேரத்துக்கென்று சேமித்தனர். அந்த நேரம் வந்தபோது தீஸாந்தியேயின் கை குழாயை நோக்கி அசையவில்லை. வலியில்லை, அச்சமில்லை, ஒருவித மகிழ்ச்சியே இருந்தது என்று அவர் பின்னர் எழுதினார். பலூன் 8,000 மீட்டரைக் கடந்தது. அவர் கண் விழித்தபோது தோழர் இருவரும் வாயில் ரத்தம் வழிய இறந்து கிடந்தனர். உயிர் பிழைத்த அவருக்குக் காது கேட்காமல் போயிற்று. கடைத்தெருவில் எனக்கு வந்த உற்சாகத்தை இதைப் படித்த பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

1878-இல் வெளிவந்த பெர்ட்டின் பெருநூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் உயரே பறக்க வேண்டியிருந்தபோதுதான், 1943-இல், அது ஆங்கிலத்துக்கு வந்தது.

அவரை முழுமையாகப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. கல்வி அமைச்சராக இருந்தவர். கட்டணமற்ற, சமயச் சார்பற்ற பள்ளிக் கல்விக்காகப் போராடியவர். அவரே பள்ளிப் பாடநூலில் வெள்ளையரே உயர்ந்த இனத்தவர் என்று சிறுவர்களுக்குக் கற்பித்தார். சிட்டுக்குருவியிடம் அத்தனை கவனமாகச் சான்று தேடியவர், மனிதரைப் பற்றி எச்சான்றுமின்றி எழுதினார். 1886-இல் வியத்நாமில் பிரெஞ்சு ஆட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றுச் சென்றவர், அவ்வாண்டு நவம்பரில் ஹனோயில் நோயுற்று இறந்தார். வயது 53.

மூன்றாம் நாள் என் தலைவலி நீங்கியது. அன்று காலைதான் விமானத்தில் வந்திறங்கிய இளைஞர் சிலர், மறுநாள் விடியற்காலையே 5,300 மீட்டருக்கும் மேலுள்ள கர்துங் லா கணவாய்க்குச் செல்ல வண்டி பேசிக்கொண்டிருந்தனர். ஒரு நாளாவது பொறுத்துச் செல்லுங்கள் தம்பி என்றேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தார்கள். விடிந்து நான் எழுந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது.