மெகர் சிங்

மெகர் சிங் (மார்ச் 20, 1915 - மார்ச் 11, 1952) இந்திய வான்படையின் தொடக்க கால வானோடிகளுள் குறிப்பிடத்தக்க ஒருவர். பாபா மெகர் சிங் எனவும் அறியப்படுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட 6-ஆம் ஸ்குவாட்ரனின் முதல் தலைவர் இவரே. 1947-48 காசுமீர்ப் போரில் பூஞ்ச், லே ஆகிய இடங்களில் வானூர்தியை இறக்கி, தரைவழி அடைபட்டிருந்த அந்நகரங்களுக்கு உதவி சென்றடைய வழி செய்தார். போர்க்களங்களில் பலமுறை உயிர் தப்பிய இவர், அமைதிக் காலத்தில் சம்முவிலிருந்து தில்லிக்குப் பறந்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் 36 வயதில் இறந்தார்.

பிறப்பும் பயிற்சியும்

மெகர் சிங் பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில், லயால்பூரில் பிறந்தார். இந்நகர் தற்போது பாக்கித்தானில் பைசலாபாத் என்ற பெயரில் உள்ளது. அறிவியல் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தின் கிரான்வெல்லில் உள்ள வான்படைக் கல்லூரிக்குத் தேர்வு செய்யப்பட்டார். பயிற்சி முடித்து 1936-ஆம் ஆண்டு அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார்.

இந்திய வான்படை 1932 அக்டோபர் 8-இல் நிறுவப்பட்டது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியில் நான்கு வாபிட்டி வகை வானூர்திகளுடன் அதன் 1-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது. மெகர் சிங் பணியில் சேர்ந்தபோது வான்படையில் இருந்த ஸ்குவாட்ரன் இது ஒன்றே. இந்தியர்களால் போர் வானூர்திகளைச் செலுத்த இயலுமா என்ற ஐயம் ஆட்சியாளர்களிடையே நிலவிய காலம் அது.

வசீரிஸ்தான்

1-ஆம் ஸ்குவாட்ரன் வடமேற்கு எல்லைப்புறத்தின் வசீரிஸ்தான் பகுதியில் பழங்குடிப் படைகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் ஈடுபடுத்தப்பட்டது. அங்கு ஒருமுறை மெகர் சிங்கின் வானூர்தி தரையிலிருந்து சுடப்பட்டு, அதன் எரிபொருள் கலன் சேதமடைந்தது. அவர் மலைப்பகுதியிலேயே வானூர்தியை மோதி இறக்கினார். பின்னர் உடன் வந்த துப்பாக்கி வீரருடன் எதிரிகளின் கண்ணில் படாமல் நடந்து தம் படையினரை அடைந்தார். மறுநாளே மீண்டும் பறந்தார்.

திருச்சிராப்பள்ளியும் பர்மாப் போர்முனையும்

1942-ஆம் ஆண்டில் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. பர்மாவில் வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் பல இலட்சம் பேர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் பலர் கால்நடையாகவே மலைகளைக் கடந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்கள் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. தென்னிந்தியாவும் போரின் எல்லைக்குள் வந்துவிட்ட இச்சூழலில் இந்திய வான்படை விரைவாக விரிவாக்கப்பட்டது.

1942 டிசம்பர் 1-இல் 6-ஆம் ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதற்கு ஹரிக்கேன் வகைப் போர் வானூர்திகள் வழங்கப்பட்டன. தலைமைப் பொறுப்பேற்ற மெகர் சிங்குக்கு அப்போது வயது 27. வேவு பார்ப்பதே இந்த ஸ்குவாட்ரனின் முதன்மைப் பணி. வானூர்திகள் இரண்டிரண்டாகச் செல்லும். ஒன்று தாழப் பறந்து எதிரியின் நிலைகளைக் கண்டறியும். மற்றொன்று எதிரி வானூர்திகள் தாக்காதவாறு அதற்குக் காவலாக வரும்.

1943-ஆம் ஆண்டின் இறுதியில் இந்த ஸ்குவாட்ரன் காக்ஸ் பசார் பகுதிக்கு நகர்ந்து, அரக்கான் போர்முனையில் 14-ஆம் இராணுவத்துக்குத் துணையாகச் செயல்பட்டது. அடர்ந்த காட்டில் தரைப்படையினரால் சில நூறு அடிகளுக்கு அப்பால் இருப்பதைக் கூட அறிய இயலாது. எனவே ஒளிப்படங்களும் வானோடிகள் கண்டு கூறிய செய்திகளும் படைத்தலைவர்களுக்கு இன்றியமையாதவையாக இருந்தன. இப்பணியால் 6-ஆம் ஸ்குவாட்ரன் 14-ஆம் இராணுவத்தின் கண்கள் எனப் பெயர் பெற்றது. 1944-ஆம் ஆண்டு மெகர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இவ்விருதைப் பெற்ற இந்திய வான்படை அதிகாரி இவர் ஒருவரே.

காசுமீர்ப் போர்

1947 அக்டோபர் 27-இல் இந்தியப் படைகள் வான்வழியாகச் சிறிநகரில் இறக்கப்பட்டன. சம்மு காசுமீரில் வான்படை நடவடிக்கைகளைக் கவனிக்க அமைக்கப்பட்ட பிரிவுக்கு ஏர் கொமடோர் மெகர் சிங் தலைமை ஏற்றார்.

பூஞ்ச் நகரம் ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையில் இருந்தது. படையினருடன் ஆயிரக்கணக்கான அகதிகளும் உள்ளே சிக்கியிருந்தனர். மலைகளால் சூழப்பட்ட அந்நகரில் அவசரமாக ஒரு சிறிய ஓடுபாதை அமைக்கப்பட்டது. 1947 டிசம்பரில் மெகர் சிங் அதில் டக்கோட்டா வானூர்தியை இறக்கிக் காட்டினார். பின்னர் எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் இரவிலும் இறங்கினார். இதன் பயனாக பீரங்கிகளும் உணவும் நகரை அடைந்தன. திரும்பிய வானூர்திகளில் அகதிகள் வெளியேற்றப்பட்டனர். 1948 நவம்பரில் முற்றுகை உடைக்கப்படும் வரை நகரம் தாக்குப்பிடித்தது.

லேயில் முதல் வானூர்தி

1948-ஆம் ஆண்டு இளவேனிலில் எதிரிப் படையினர் சிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே லடாக்கின் தலைநகரான லேயை நெருங்கினர். அங்கு மிகச் சிறிய காவற்படையே இருந்தது. பொறியாளர் சோனம் நோர்பு உள்ளூர் மக்களின் உழைப்பைக் கொண்டு சிந்து ஆற்றங்கரை மணலில் ஓர் ஓடுபாதை அமைத்தார்.

இவ்விடம் கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கும் மேல் உயரத்தில் உள்ளது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகையால் பொறிகளின் ஆற்றல் குறையும், மேலெழுவதற்கு நீண்ட ஓட்டம் தேவைப்படும். டக்கோட்டாவின் உட்பகுதி அழுத்தம் பேணப்பட்டதன்று. இறக்கைகளில் படியும் பனியை நீக்கும் வசதியும் அதில் இல்லை. நம்பத்தக்க வரைபடமும் இல்லாத வழியில் 20,000 அடிக்கும் மேல் ஏறி மலைத்தொடர்களைக் கடக்க வேண்டியிருந்தது.

1948 மே 24-இல் மெகர் சிங் தாமே வானூர்தியைச் செலுத்தி லேயில் இறங்கினார். மேஜர் ஜெனரல் திம்மையா அவருடன் பயணம் செய்தார். லேயில் இறங்கிய முதல் வானூர்தி இதுவே. இதைத் தொடர்ந்து கூர்க்கா வீரர்கள் வான்வழியாகக் கொண்டுவரப்பட்டனர். லே எதிரி கையில் வீழாமல் காக்கப்பட்டது. இச்செயல்களுக்காக இவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

பதவி விலகலும் இறப்பும்

1948 செப்டம்பரில், 33-ஆம் வயதில், மெகர் சிங் வான்படையிலிருந்து விலகினார். அதன்பின் பட்டியாலா மகாராசாவின் ஆலோசகராகப் பணியாற்றினார். வானூர்தி செலுத்துவதை அவர் கைவிடவில்லை.

1952 மார்ச் 11-ஆம் நாள் இரவு சம்முவிலிருந்து புது தில்லிக்குப் பறந்துகொண்டிருந்தபோது இவரது வானூர்தி புயலில் சிக்கி விழுந்தது. மெகர் சிங் உயிரிழந்தார். அவரது 37-ஆம் பிறந்த நாளுக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த மாறுபாடுகள் வட இந்தியாவில் இடியுடன் கூடிய மழையைத் தோற்றுவிக்கின்றன. அக்காலச் சிறு வானூர்திகளில் வானிலையைக் காட்டும் ராடார் இல்லை. இரவு இருளில் முகில் கூட்டத்தின் உள்ளே நுழைந்த பின்னரே அதன் கடுமையை வானோடி உணர முடியும்.

போரில் தப்பிய வானோடிகள் போர் அல்லாத பறப்புகளில் இறப்பது அரிதன்று. பர்மாவிலும் நார்மண்டியிலும் பறந்து இருமுறை டி.எஃப்.சி. விருது பெற்ற கருண் கிருஷ்ண மஜூம்தார் 1945 பிப்ரவரி 17-இல் லாகூரில் சாகசப் பறப்புக்கான பயிற்சியின்போது விழுந்து இறந்தார். இங்கிலாந்திலிருந்து ஆத்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்ணான ஏமி ஜான்சன், 1941 சனவரி 5-இல் வானூர்தி ஒன்றை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் மறைந்தார். எதிரி இல்லாத வானிலும் வானிலை, பொறிக் கோளாறு, இருள் ஆகிய இடர்கள் குறைவதில்லை என்பதை இவ்விறப்புகள் காட்டுகின்றன.

நினைவு

2018-ஆம் ஆண்டு இந்திய வான்படை, பேரிடர் மீட்புப் பணிகளுக்கு ஆளில்லா வானூர்திக் கூட்டங்களைப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை வளர்க்க ஒரு போட்டியை அறிவித்தது. அதற்கு மெகர் பாபா பரிசு எனப் பெயரிடப்பட்டது. பூஞ்சிலும் லேயிலும் இவர் முதலில் இறங்கிய இடங்களுக்குப் பின்னர் எண்ணற்ற வானூர்திகள் சென்றன. சாலை அடைபட்ட மலை நகரங்களுக்கு வான்வழியே உணவும் மருந்தும் கொண்டுசெல்லும் பணியின் முன்னோடியாக மெகர் சிங் கருதத் தக்கவர்.