அரண்மனையை விட்டு வந்த அருளானந்தர்



நமது பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், இந்த வானம் பார்த்த பூமியில் விசுவாச விதை தூவி, அதற்குத் தம் இரத்தத்தையே நீராகப் பாய்ச்சிய புனித அருளானந்தரின் எளிய வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1985 வரை நாமும் இராமநாதபுரம் மாவட்டத்தினரே. சேதுபதிகள் ஆண்ட அந்த மறவர் சீமையில்தான் அவர் உழைத்தார். அங்கேயே உயிரையும் ஈந்தார்.

ஜான் தெ பிரிட்டோ 1647 மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். தந்தையார் பிரேசில் நாட்டில் ரியோ தெ ஜெனீரோவின் ஆளுநராய்ப் பணியாற்றியவர். தந்தையை இளமையிலேயே இழந்த ஜான், அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். அரச போகமும் உயர்பதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவரோ 1662-இல், தமது 15-ஆம் வயதில் சேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறி, மறு ஆண்டே மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

இங்கு அவர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். காவி உடுத்தினார், இறைச்சி, மீன், மது அனைத்தையும் துறந்தார், சோறும் கீரையும் பருப்புமே உணவு, தரையே படுக்கை. பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரிடமும், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோரிடமும், சென்று பழக முடிந்தது. ஆகவே அவரது எளிமை வெறும் ஒறுத்தல் மட்டுமன்று. மக்களின் வாசலுக்கு அவரைக் கொண்டு சேர்த்த பாதையும் அதுவே. சுமை குறைந்தவனே தூரம் நடப்பான் அல்லவா?

1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடும் வேதனைகளை அனுபவித்தார். இனிப் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு சேதுபதி அவரை விடுவித்தார். 1687-இல் மிஷன் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் பேதுரு அப்போது அரியணையில் இருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி அவர் வேண்டியும் அருளானந்தர் இணங்கவில்லை. சொந்த நாட்டிலும் தமிழகத்து மரக்கறி உணவையே அவர் விடாது கைக்கொண்டார். 1690-இல் மீண்டும் நம் நாடு திரும்பினார்.

அந்நாளில் தடியத்தேவர் என்னும் சிற்றரசர் திருமுழுக்குப் பெற்று, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டோரில் ஒருவரான கடலாயி சேதுபதியின் உறவினர். இதன் விளைவாக அருளானந்தர் 1693 சனவரியில் கைதானார். மையில்லாத சிறையில், கரியையே மையாக்கித் தம் உடன் குருக்களுக்கு மடல் எழுதினார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். 1947 சூன் 22-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

கையில் ஒன்றும் இல்லாதவரை அரசன் பதவி காட்டி இழுக்கவும் முடியவில்லை. சிறை காட்டி மிரட்டவும் முடியவில்லை. எளிமை தரும் முதல் நன்மை இந்தச் சுதந்திரமே.

மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, பிழைப்புத் தேடி ஊரை விட்டுச் செல்லும் குடும்பங்களுக்கு எளிமையைப் போதிப்பது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பசியும் பஞ்சமும் புண்ணியமல்ல. அவற்றை நீக்கப் பாடுபடுவது நம் கடமை. எளிமை என்பது வேறு. வறுமை நம்மேல் விழுவது; எளிமை நாமே தேர்ந்துகொள்வது. கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் புதுநன்மை விருந்துக்கும் ஊரார் மெச்ச வேண்டுமென்று வட்டிக்கு வாங்குகிறோம். பந்தல் பிரித்த மறுநாளே கடன் வாசலில் நிற்கிறது. புஞ்சை அடமானம் போகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஒருநாள் பெருமைக்குப் பல ஆண்டு அடிமைத்தனம்!

எனவே இந்த யூபிலி ஆண்டில், கடன் வாங்கி விருந்து வைப்பதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிப்போமாக. வசதியுள்ளோர் முதலில் தங்கள் வீட்டு விசேஷங்களைச் சுருக்கிக் காட்டினால், இல்லாதோர் வெட்கமின்றிப் பின்பற்றுவர். நமது திருவிழாவிலும் வாணவேடிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குத் தருவோம். ஓரியூர்ச் செம்மணலைப் பக்தியோடு நெற்றியில் இடும் நாம், அம்மண்ணில் விழுந்தவரின் வாழ்வையும் நம் இல்லங்களில் ஏற்போமாக. அவரது பரிந்துரையால் இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!