ஜீப்பில் ஏறிய புழுக்கள்

கொண்டைக்கடலை வயலில் புழு விழுந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. உடனே வேளாண்மை அதிகாரிகள் ஜீப்பில் புறப்படுகிறார்கள். வயலைப் பார்வையிடும்போது பச்சைக் கடலை கண்ணில் படுகிறது. ஆசையாகப் பறித்துத் தின்கிறார்கள். வீட்டிற்கும் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றிக் கொள்கிறார்கள். திரும்பும் வழியில், உடன் சென்ற எழுத்தாளரின் கண்ணுக்கு ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கொழுத்த புழுக்களாகத் தெரிகிறார்கள்.

இந்தி அங்கத இலக்கியத்தில் பெரிதும் பேசப்பட்ட இந்தக் கட்டுரையை எழுதியவர் சரத் ஜோஷி. இதே பெயரில் மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் இயக்கத் தலைவர் ஒருவரும் இருந்தார். அவர் வேறு, இவர் வேறு. நம்மில் பலருக்கு இவர் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அமீர் கான் நடித்த 'தில் ஹை கி மான்தா நஹீன்' படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், இவர் எழுதிய வசனத்திற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

1931 மே 21ஆம் நாள் உஜ்ஜயினியில் பிறந்தார். இளமையிலேயே இந்தூர் நாளிதழ் ஒன்றில் பத்தி எழுதத் தொடங்கினார். பிறகு மத்தியப் பிரதேச அரசின் செய்தித் துறையில் வேலை. அரசின் பெருமையை ஊருக்குச் சொல்வதே அத்துறையின் பணி. பகலில் அந்த வேலையைச் செய்துவிட்டு, மற்ற நேரத்தில் அதே அரசைக் கேலி செய்து எழுதுவது எத்தனை நாளைக்கு நடக்கும்? ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. எழுதினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அதற்கு முன்பே அவர் இன்னொரு துணிச்சலையும் காட்டியிருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவர், எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான இர்ஃபானா சித்திக்கி என்ற முஸ்லிம் பெண்ணைக் காதலித்து மணந்தார்.

எழுத்தை மட்டும் நம்பி வாழ முடிவெடுத்தவருக்கு மேடை கைகொடுத்தது. வட இந்தியாவில் கவியரங்கம் என்றால் ஊரே திரண்டு வரும். ஆயிரக்கணக்கானோர் விடிய விடியக் கவிதை கேட்பார்கள். அங்கே போய் இவர் கவிதை பாடவில்லை. கையில் தாள்களுடன் நின்று உரைநடையை வாசித்தார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. மேடைக்கும் சினிமாவுக்கும் போனவரை இலக்கியவாதியாக ஏற்கத் தயங்குவது எந்த மொழியிலும் உள்ள வழக்கம்தான். ஆயினும், எந்த இடத்தில் மூச்சு விட்டால் கூட்டம் சிரிக்கும் என்ற கணக்கை அவர் கற்றது அந்த மேடைகளில்தான் என்பது என் எண்ணம். புத்தகத்தை மட்டும் படித்து அதைக் கற்க முடியாது.

நாடகமும் எழுதினார். 'ஏக் தா கதா' என்ற நாடகத்தில் ஒரு நவாப் வருகிறார். அலாதாத் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், ஏழையின் பாடையைத் தானே சுமக்கப் போவதாக அறிவித்துவிடுகிறார். பிறகுதான் தெரிகிறது, செத்தது ஒரு சலவைத் தொழிலாளியின் கழுதை! அறிவித்ததை மாற்றினால் மானம் போகும். ஆகவே அதே பெயருடைய மனிதன் ஒருவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஊர்வலத்திற்குப் பிணம் வேண்டும் என்பதற்காக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தவருக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

1984ஆம் ஆண்டு தூரதர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' தொடர் வந்தது. இந்தியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு முன்னோடி இது. ஒரு கணவன், ஒரு மனைவி, வேலையில்லாத மைத்துனன். வாரம் ஒரு வேடத்தில் வந்து நிற்கும் சதீஷ் ஷா. அவ்வளவுதான் கதை. நாட்டில் இருந்ததோ அரசுத் தொலைக்காட்சி ஒன்றுதான். அதில் அமைச்சரைக் கிண்டல் செய்ய முடியாது. எனவே வரவேற்பறைக்குள் கதையை வைத்தார் ஜோஷி. அரசியல் கேலிக்கு அவரிடம் வேறு இடம் இருந்தது. 'நவபாரத் டைம்ஸ்' நாளிதழில் 'பிரதிதின்' என்ற பத்தியை ஏழாண்டுகள், ஏறத்தாழ நாள்தோறும் எழுதினார். நாள் தவறாமல் நகைச்சுவை எழுதுவது எத்தகைய தண்டனை என்பதை, ஆண்டிற்கு ஒரு மலருக்குக் கட்டுரை தரவே திணறும் நாம் நன்கு அறிவோம்.

அவர் ஓயாமல் கேலி செய்த அரசு 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மறு ஆண்டு ஜூலையில் அமீர் கான் படம் வெளிவந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாயில் ஜோஷி காலமானார். வயது 60.

தொடரின் நடிகர்களை அடையாளம் கண்ட அளவிற்கு, எழுதியவரை மக்கள் அடையாளம் கண்டதில்லை. ஆனால் எழுத்து தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. 2009இல் அவர் கதைகளைத் தழுவி 'லாபதாகஞ்ச்' என்ற தொடர் வந்தது. நான்கு நாளாகியும் கிளம்பாத விருந்தாளியை நோக்கி, எப்போது போவாய் என்று மனத்திற்குள் புலம்பும் கட்டுரை ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. 2010இல் வெளிவந்த அஜய் தேவ்கன் படம் ஒன்றும் அந்தக் கட்டுரையின் பெயரைச் சற்றே மாற்றித் தன் தலைப்பாக்கிக் கொண்டது.