ரகுநாத் கார்வே: அம்பேத்கர் வழக்காடிய கருத்தடை முன்னோடி

1934ஆம் ஆண்டு பம்பாய் நீதிமன்றம் ஒன்றில் விசித்திரமான வழக்கு ஒன்று நடந்தது. ஒரு மராத்தி மாத இதழின் ஆசிரியர், வாசகர்கள் அனுப்பிய பாலியல் ஐயங்களுக்குப் பதில் எழுதினார் என்பதே குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் சித்பவன் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த முன்னாள் கணிதப் பேராசிரியர். அவருக்காக வாதாட வந்தவர், தீண்டப்படாதோரின் தலைவராக வட்டமேசை மாநாடுகளில் பங்கேற்றுத் திரும்பியிருந்த பாரிஸ்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். ஆசிரியரின் பெயர் ரகுநாத் தோண்டோ கார்வே.

கார்வேயின் வாழ்க்கையை அவருடைய தாயின் மரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தாய் ராதாபாய்க்கு எட்டு வயதில் திருமணம் நடந்தது. மணமகன் தோண்டோ கேசவ் கார்வேக்கு அப்போது வயது பதினான்கு. 1882 ஜனவரி 14 அன்று ரகுநாத் பிறந்தார். 1891இல் மற்றொரு பிரசவத்தின்போது ராதாபாய் இறந்தார். அவருக்கு அப்போது வயது 27. மகனுக்கு ஒன்பது வயது. தந்தை பின்னர் ஒரு கைம்பெண்ணை மறுமணம் செய்து, கைம்பெண்களுக்கான இல்லத்தையும் 1916இல் பெண்கள் பல்கலைக்கழகத்தையும் நிறுவி, ‘மகரிஷி கார்வே’ என்று நாடறிந்தவரானார். 1958இல் பாரத ரத்னா விருதும் பெற்றார். தந்தை பெண்ணின் கல்வியையும் மறுமணத்தையும் பேசினார். அவர் தொடாத இடத்தை மகன் தொட்டார்: பெண்ணின் கருப்பை.

படிப்பில் ரகுநாத் முதல்வர். மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம், பூனா பெர்குசன் கல்லூரியில் பட்டம், பின்பு மேற்படிப்புக்காகப் பாரிஸ் பயணம், பம்பாய் வில்சன் கல்லூரியில் பேராசிரியர் பணி. கருத்தடை குறித்து அவர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதும், கல்லூரியை நடத்திய கிறித்தவ நிர்வாகம் பதவி விலகச் சொன்னது. அவர் விலகினார், பேச்சை நிறுத்தவில்லை. இந்து வைதிகர்களும் கிறித்தவ நிர்வாகிகளும் வேறெதில் மாறுபட்டாலும், கருப்பையைப் பெண் ஆளக்கூடாது என்பதில் ஒன்றுபட்டு நின்றதைக் கவனிக்க வேண்டும்.

1921இல் பம்பாயில் அவர் தொடங்கிய கருத்தடை ஆலோசனை மையமே இந்தியாவின் முதல் மையம். இலண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தம் மையத்தைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். அன்று மாத்திரை கிடையாது. அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1960இல். கருப்பை வாயை மூடும் ரப்பர் மூடிகள், விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்யும் களிம்புகள், உறைகள் என்பனவே அன்றைய கருவிகள். அவை விலை உயர்ந்தவை. முறையாகப் பொருத்தக் கற்றுத்தர ஆள் வேண்டும். மாதத்தின் எந்த நாட்களில் கரு உருவாகும் என்பதிலேகூட மருத்துவர்கள் பலர் தவறான கணக்கைச் சொல்லிவந்த காலம் அது. கருமுட்டை அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ பதினான்கு நாட்களுக்கு முன் வெளிப்படுகிறது என்ற உண்மை 1920களில்தான் நிறுவப்பட்டது. இத்தகைய சூழலில், மருத்துவர் அல்லாத ஒரு கணித ஆசிரியர் உடலியலைத் தாமே கற்று, 1923இல் ‘சந்ததி நியமன்’ என்ற நூலை எழுதினார். மனைவி மாலதி அவருக்குத் துணை நின்றார். இருவரும் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்து, அதன்படியே வாழ்ந்தனர்.

1927 ஜூலையில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ இதழ் பிறந்தது. சமூக நலம் என்பது அப்பெயரின் பொருள். கருத்தடை, பால்வினை நோய்கள், திருமண உறவு, பெண்ணின் இன்ப உரிமை ஆகியவற்றை மராத்தியில் தயக்கமின்றி எழுதிய இதழ் அது. அட்டையில் ஆடையற்ற பெண் உருவங்களை அச்சிட்டது அவருடைய பிடிவாதங்களுள் ஒன்று. அது தேவையா என்ற கேள்வி இன்றும் எழலாம். அதே 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இணைக்கும் கண்ணியை அம்பேத்கரே 1916இல் கொடுத்திருந்தார். இந்தியாவில் சாதிகள் குறித்துக் கொலம்பியாவில் அவர் படித்த கட்டுரையின் மையவாதம், அகமணமே சாதியின் உயிர் என்பதாகும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்கும் கருவிகள் என அதில் விளக்கினார். பெண்ணின் உடலைக் காவல் காக்காமல் சாதி ஒரு தலைமுறைகூட நீடிக்காது. அப்படியானால் எப்போது, யாருக்கு, எத்தனை குழந்தை என்பதைப் பெண்ணே முடிவு செய்வதற்கான அறிவைப் பரப்பும் ஓர் இதழ், ஆசிரியர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், சாதியின் அடித்தளத்தில் கை வைக்கிறது. சனாதனிகள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டனர்.

1931இல் கள்ள உறவு பற்றிய கட்டுரைக்காகக் கார்வே தண்டிக்கப்பட்டு 100 ரூபாய் அபராதம் செலுத்தினார்; மேல்முறையீடு பலிக்கவில்லை. 1934இல் வந்த இரண்டாவது வழக்கில் சுயஇன்பம், தன்பாலீர்ப்பு ஆகியவை பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பதில்கள் ஆபாசம் எனப்பட்டன. பாலியல் பற்றிப் பேசுவதாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது, வாசகர் ஐயத்துடன் கேட்டால் அறிவைக் கொண்டு விடை தருவதே ஆசிரியர் கடமை என்பது அம்பேத்கர் வாதத்தின் சாரம். ஹேவ்லாக் எல்லிஸின் ஆய்வுகளை அவர் மன்றத்தின் முன் வைத்தார். வழக்கு தோற்றது. அபராதம் 200 ரூபாய்.

அம்பேத்கர் இவ்வழக்கை ஏற்றதற்கு வாழ்வனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவர் பெற்றோரின் பதினான்காவது குழந்தை. தாய் பீமாபாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். ரமாபாய் பெற்ற ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் ரோஹம், அரசு கருத்தடை வசதிகளை அளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை, அம்பேத்கர் ஆயத்தம் செய்த உரையுடன் முன்வைத்தார். அடுத்தடுத்த பிரசவங்களால் சிதையும் ஏழைப் பெண்களின் உடல்நிலை அவ்வாதத்தில் முக்கிய இடம் பெற்றது. தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

கார்வேயைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருக்குக் கடிதம் எழுதியோர் பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்க ஆண்கள். மில் தொழிலாளியின் மனைவியோ சேரிப்பெண்ணோ அந்தப் பக்கங்களில் பேசியது அரிது. அக்காலக் கருத்தடை இயக்கத்தில் உயர்குடியினர் பலர், தகுதியற்றோர் பெருகுகிறார்கள் என்ற இனமேம்பாட்டு அச்சத்தோடுதான் ஈடுபட்டனர். 1928இல் சென்னையில் தொடங்கிய புது மால்தூசியன் கழகமும் மேல்தட்டினரின் மன்றமே. அதே சென்னை மாகாணத்தில் பெரியார் வேறொரு திசையில் நடந்தார். மக்கள்தொகைக்காகவோ குடும்பப் பொருளாதாரத்துக்காகவோ அல்ல, பெண் விடுதலை பெறவே கருத்தடை என்றார். அவருடைய நூலின் பெயர் ‘கர்ப்ப ஆட்சி’. ஆட்சி என்ற சொல்லில் ஆள்பவள் இருக்கிறாள். பின்னாளில் அரசு கொண்டுவந்த ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற சொல்லில் அவள் இல்லை.

1944இல் மாலதி இறந்தார். பணமுடையோடும் தனிமையோடும் கார்வே இதழை நடத்தினார். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே மையம் திறந்தவர் 1953 அக்டோபர் 14 அன்று மறைந்தார். அடுத்த மாத இதழோடு ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ நின்றது.

அவர் கேட்டது அறிவு. அரசு கொடுத்தது இலக்கு. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதன்பின் ஆண்கள் விலகிக்கொள்ள, சுமை முழுவதும் பெண்ணின் மேல் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டது வெறும் 0.3 விழுக்காடு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். 13 பெண்கள் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பேறுகாலச் செவிலியம் படிக்கும் மாணவியின் பாடநூலில் உறை, மாத்திரை, ஊசி, காப்பர்-டி, அறுவை என முறைகள் வரிசையாக உள்ளன. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி பொருத்தலாம் என்பதும் இருக்கிறது. வலியும் களைப்பும் தணியாத அந்த நேரத்தில் கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் கேட்டார்களா என்பதே விடுபட்டுப்போகும் கேள்வி. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடை அறுவை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த ஆணையிட்டது. அறுவையின் விளைவுகளை அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும், விளக்கிய பிறகு அவள் யோசித்து முடிவெடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.