சக்கர நாற்காலியில் இருந்து சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்

யாழ். குடாநாட்டில் யுத்தம் ஓய்ந்த பின்னும், கண்ணிவெடிக்கும் ஷெல் வீச்சுக்கும் கை, கால்களைப் பறிகொடுத்தவர்கள் நம் மத்தியில் வாழ்கிறார்கள். அவர்களும் அவர்களது குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியது வேலூர் வைத்தியர் மேரி வர்கீஸின் வாழ்க்கை.

1925 இல் கொச்சியில் பிறந்த மேரி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். 1954 ஜனவரியில் அவர் நண்பர்களுடன் பயணித்த வாகனம் விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தன. முகத்திலும் பெரும் காயம். அப்போது வயது 28.

நின்றபடி வைத்தியம் செய்வது இனி இயலாது. ஆனால் அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட் ஒரு வழி சொன்னார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையை அமர்ந்துகொண்டே செய்யலாம். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் இருந்தே பலரது கைகளை மீண்டும் இயங்கச் செய்தார்.

பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். தன்னைப் போல் முடங்கியவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் 1966 இல் அங்கு உருவானது. 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986 இல் காலமானார்.

மேரியின் கால்கள் கடைசிவரை குணமாகவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தியது அவரது மனவுறுதியும், அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலையும்தான். மனவுறுதி நம்மவர்களிடமும் இருக்கிறது. பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பாதை, கடையிலோ காரியாலயத்திலோ ஒரு தொழில்: இவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.